வீட்டு நீச்சல் குளம்: எல்லாரும் பத்திரமாக இருக்க ஐந்து பாடங்கள்



பள்ளி விடுமுறை நெருங்கினாலே நம் வாட்சப் குழுக்களில் ஒரே கேள்விதான்: "எந்த ஹோம்ஸ்டே? பூல் இருக்கா?" குடும்ப தினம், பிறந்த நாள், பயிற்சி முகாம், கல்யாணத்துக்கு வரும் சொந்தங்கள் தங்குவது என எல்லாத்துக்கும் இப்போது குளம் உள்ள வாடகை வீடுதான். போர்ட்டிக்சன், மலாக்கா பக்கம் போனால் தெருவுக்கு ஒன்று இருக்கிறது.

இந்த நிகழ்ச்சிகளை யார் ஏற்பாடு செய்கிறார்கள்? நாமதான். 19 வயசு, 22 வயசு, 24 வயசு. சாப்பாடு எத்தனை பேருக்கு, பேருந்து எத்தனை மணிக்கு, டி-சட்டை என்ன நிறம் என்று மூன்று நாள் பேசுவோம். குளத்தைப் பற்றி ஒருத்தரும் ஒரு வரி எழுத மாட்டோம். ஆனால் அங்கே வரும் 30 பிள்ளைகளின் அம்மா அப்பா நம்மை நம்பித்தான் அனுப்புகிறார்கள்.

நான் வேதிப்பொறியியல் மூன்றாம் ஆண்டு மாணவன். போன செமஸ்டர் விடுமுறையில், வீட்டுக் குளங்களைப் பராமரிக்கும் ஓர் அண்ணனோடு சில வாரம் வேலைக்குப் போனேன். வகுப்பில் படித்த அழுத்தம், பிஎச், செறிவு எல்லாம் அங்கே கண் முன்னால் நின்றன. அங்கே பார்த்ததையும் பிறகு தேடிப் படித்ததையும் சேர்த்து இங்கே ஐந்து பாடமாகத் தருகிறேன்.

முதலில் ஓர் எண். உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021-ல் உலகம் முழுதும் ஏறக்குறைய 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்தார்கள். அதில் கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்கு 5 வயது நிறையாத குழந்தைகள். அந்தக் கணக்கில் கடலும் ஆறும் கிணறும் உண்டு. ஆனால் வீட்டுக் குளத்துக்கு மட்டும் ஒரு தனித்தன்மை இருக்கிறது. கடலுக்குப் போனால் எல்லாரும் பயந்து கவனமாக இருப்போம். வீட்டுக் குளம் என்றால் "நம்ம வீடுதானே" என்று மனசு சும்மா இருந்துவிடும்.

பாடம் 1: மூழ்குகிறவர் கத்த மாட்டார்

சினிமாவில் மூழ்குகிறவர் கையை ஆட்டி, "காப்பாத்துங்க!" என்று கூப்பிடுவார். நிஜத்தில் அப்படி நடப்பது குறைவு. நியூயார்க் கடற்கரையில் உயிர்காப்பாளராக இருந்த பிராங்க் பியா என்பவர், மூழ்குகிறவர்கள் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்பதைப் படம் பிடித்து ஆராய்ந்தார். அவர் கண்டது இதுதான்: வாய் நீருக்கு மேலும் கீழுமாகப் போய்வரும். மேலே வரும் அந்தச் சின்ன இடைவெளியில் மூச்சு இழுக்கத்தான் நேரம் இருக்கும், கத்த நேரம் இருக்காது. கைகள் தானாகவே பக்கவாட்டில் நீண்டு தண்ணீரை அழுத்தும், அதனால் கையசைக்கவும் முடியாது. உடம்பு நிமிர்ந்தபடி ஒரே இடத்தில் நிற்கும். இந்தப் போராட்டம் 20 முதல் 60 விநாடி வரைதான். சின்னப் பிள்ளைகளுக்கு இன்னும் குறைவு.

60 விநாடி என்றால் எவ்வளவு? உள்ளே போய் ஒரு கப் மைலோ கலக்கி முடிக்கவே அதைவிட நேரமாகும்.

"இத்தனை பேர் இருக்கோமே, யாராவது பார்ப்பாங்க" என்பதுதான் மிகவும் ஆபத்தான வாக்கியம். 20 பெரியவர்கள் குளத்தைச் சுற்றி உட்கார்ந்திருந்தால், ஒவ்வொருவரும் மற்ற 19 பேரை நம்பிக்கொண்டிருப்பார்கள். அதனால் காவலுக்கு ஆளை நியமிக்க வேண்டும். செய்யும் முறை எளிது:

- ஒரு நேரத்தில் பெயர் சொல்லி ஒருவர். அவர் கழுத்தில் ஓர் அட்டையும் விசிலும் இருக்கட்டும்.
- ஒரு முறைக்கு 15 முதல் 20 நிமிடம். அதற்கு மேல் போனால் கண் அலையும்.
- அந்த நேரத்தில் கைப்பேசி இல்லை, பார்பிக்யூ புரட்டுவது இல்லை, அரட்டை இல்லை. மது குடித்தவருக்கு இந்த வேலை இல்லை.
- அட்டையை அடுத்தவர் கையில் கொடுத்த பிறகுதான் எழுந்து போகலாம். ஆள் வரவில்லையா? பிள்ளைகளைக் குளத்தைவிட்டு வெளியே ஏற்றுங்கள்.
- 5 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைக்கு இது போதாது. கை எட்டும் தூரத்தில் ஒரு பெரியவர் தண்ணீரிலேயே இருக்க வேண்டும்.

கையில் மாட்டும் காற்றடைத்த பட்டை, வாத்து வளையம் எல்லாம் விளையாட்டுச் சாமான்கள். அவை கழன்றுவிடும், காற்றுப் போகும், குழந்தையைத் தலைகீழாகவும் கவிழ்த்துவிடும். உடம்போடு வார் கட்டும் உயிர்காப்பு மேலாடை நல்லது. ஆனால் அதைப் போட்டாலும் கண் வேண்டும்.

பாடம் 2: கண் தவறினால் வேலி

மனுஷன் என்றால் கண் தவறத்தான் செய்யும். பாதுகாப்புப் பொறியியலில் இதை ஏற்றுக்கொண்டுதான் வேலையைத் தொடங்குவார்கள். ஒரு தடுப்பு விழுந்தால் அடுத்த தடுப்பு பிடிக்க வேண்டும். வீட்டுக் குளத்தில் அந்த அடுத்த தடுப்பு வேலிதான்.

நிறைய விபத்துகள் குளியல் நேரத்தில் நடப்பதே இல்லை. எல்லாரும் துவட்டிக்கொண்டு உள்ளே போன பிறகு, மிதக்கும் பந்தை எடுக்க ஒரு 3 வயசு பிள்ளை தனியாகத் திரும்பி வரும். அப்போது காவலுக்கு ஆள் இருக்காது.

வீட்டுக் குளங்கள் நிறைந்த ஆஸ்திரேலியாவில் இதற்குச் சட்டமே உண்டு. 30 சென்டிமீட்டர் ஆழம் தண்ணீர் நிற்கக்கூடிய குளத்துக்குக்கூட வேலி வேண்டும். பொது அளவுகள் இவை: உயரம் குறைந்தது 1.2 மீட்டர். அடியிலும் கம்பிகளுக்கு இடையிலும் 10 சென்டிமீட்டருக்கு மேல் இடைவெளி கூடாது. கதவு குளத்துக்கு எதிர்ப்பக்கம் திறந்து, விட்டால் தானாக மூடி, தானாகத் தாழ் விழ வேண்டும். தாழ் சின்னப் பிள்ளைக்கு எட்டாத உயரத்தில் இருக்க வேண்டும். வேலியை ஒட்டி நாற்காலி, பூந்தொட்டி, ஏர்கோன் பெட்டி எதுவும் கூடாது. பிள்ளைகளுக்கு அதெல்லாம் ஏணி.

நான் வேலைக்குப் போன வீடுகளில் பலவற்றில் வரவேற்பறையின் கண்ணாடிக் கதவைத் திறந்தால் நேரே குளம்தான். அழகாக இருக்கும், படத்துக்கும் நன்றாக வரும். ஆனால் அந்தக் கண்ணாடிக் கதவுதான் அங்கே ஒரே தடுப்பு. அப்படிப்பட்ட வீட்டில் தங்கினால், அந்தக் கதவின் மேல்தாழைப் போட்டு, சாவியை ஒரே ஒருவரிடம் கொடுங்கள். கதவில் மணி கட்டித் தொங்கவிடுங்கள். திறந்தால் சத்தம் வரட்டும். குளித்து முடிந்ததும் பந்து, பொம்மை ஒன்றுகூட நீரில் மிதக்கக் கூடாது.

பாடம் 3: கண்ணுக்குத் தெரியாத மூன்று ஆபத்துகள்

*உறிஞ்சல்.* குளத்தின் அடியில் ஒரு வடிகால் இருக்கும். பம்ப் அதன் வழியாக நீரை இழுக்கும். ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். வடிகாலின் விட்டம் 20 சென்டிமீட்டர் என்றால் பரப்பு சுமார் 0.0314 சதுர மீட்டர். ஓர் உடம்பு அதை முழுதாக மூடி, அழுத்த வித்தியாசம் 30 கிலோபாஸ்கல் ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். விசை என்பது அழுத்தம் பெருக்கல் பரப்பு: 30,000 × 0.0314 = 942 நியூட்டன். அதாவது ஏறக்குறைய 95 கிலோ பாரம் அந்தப் பிள்ளையை அடியோடு அழுத்திப் பிடிக்கிறது. நாம் இறங்கி இழுத்தாலும் சுலபத்தில் வராது.

2002-ல் அமெரிக்காவின் முன்னாள் வெளியுறவு அமைச்சர் ஜேம்ஸ் பேக்கரின் 7 வயதுப் பேத்தி, ஒரு சுடுநீர்த் தொட்டியின் வடிகாலில் இப்படிச் சிக்கி இறந்தாள். அதன் பிறகு 2007-ல் அவள் பெயரிலேயே அங்கே ஒரு சட்டம் வந்தது. பொதுக் குளங்களின் வடிகால்களுக்குப் பாதுகாப்பான மூடி கட்டாயமானது.

நாம் பார்க்க வேண்டியது: மூடி உடையாமல், திருகாணி கழலாமல் இருக்கிறதா? மூடி தட்டையாக இல்லாமல் குவிந்து இருக்கிறதா? தள்ளித் தள்ளி இரண்டு வடிகால் இருந்தால் இன்னும் நல்லது. ஒன்று அடைபட்டாலும் மற்றதன் வழியாக நீர் போகும். மூடி இல்லாத குளத்தில் யாரும் இறங்கக் கூடாது. நீளமான கூந்தலைக் கட்டிக்கொள்ளுங்கள், முடியும் சிக்கும். பம்பின் சுவிட்ச் எங்கே என்று போனவுடனே கேட்டு வையுங்கள். யாராவது சிக்கினால் முதல் வேலை அதை அணைப்பது.

*மின்சாரம்.* ஈர உடம்பில் மின்தடை குறைவு. குளத்துக்குள் இருக்கும் விளக்கு மின்மாற்றி வழியாக 12 வோல்ட்டில் ஓட வேண்டும். மின்பெட்டியில் 30 மில்லிஆம்பியர் மின்கசிவுத் துண்டிப்பான் வேண்டும். நம் வீடுகளில் இதை ஈஎல்சிபி என்போம். அதில் ஒரு சோதனைப் பொத்தான் இருக்கும். அழுத்தினால் மின்சாரம் துண்டிக்க வேண்டும். துண்டிக்கவில்லை என்றால் அது வெறும் அலங்காரம். ஒலிபெருக்கி, கரோக்கே, தீபாவளிச் சரவிளக்கு, நீட்டிப்பு ஒயர் எதுவும் குளத்தோரம் வேண்டாம். தண்ணீரில் ஒருவர் துடிக்கிறார், மின்சாரமோ என்று சந்தேகம் வந்தால் குதிக்காதீர்கள். முதலில் மெயின் சுவிட்ச்.

இடி கேட்டால் எல்லாரும் உடனே வெளியே. கடைசி இடிச் சத்தத்துக்குப் பிறகு 30 நிமிடம் காத்திருங்கள். சாயங்கால மழை தினமும் வரும் நம் நாட்டில் இந்தப் பழக்கம் ரொம்ப முக்கியம்.

*ஆழம்.* வாடகை வீட்டுக் குளங்கள் பலவும் இடுப்பளவு, மார்பளவுதான். அங்கே தலைகீழாகப் பாய்ந்தால் தலை தரையில் இடிக்கும், கழுத்தெலும்பு முறியும், வாழ்நாள் முழுதும் கை கால் வராமல் போகலாம். இந்தத் தவறைச் செய்வது சின்னப் பிள்ளைகள் இல்லை. நம் வயசுப் பையன்கள்தான், அதுவும் ஒருத்தர் காணொளி எடுக்கும்போது. வீட்டுக் குளத்தில் கால் முதலில் இறங்குவதே சட்டம்.

"யார் அதிக நேரம் மூச்சடக்குறா பார்ப்போம்" என்ற போட்டியும் வேண்டாம். வேகவேகமாக மூச்சு இழுத்துவிட்டு முங்கினால் இரத்தத்தில் கரியமில வாயு குறைந்துவிடும். மூச்சு எடு என்று மூளைக்குச் சொல்வதே அந்த வாயுதான். அது குறைந்தால், மூச்சு முட்டும் உணர்வு வருவதற்குள் ஆக்சிஜன் தீர்ந்து மயக்கம் வந்துவிடும். நன்றாக நீந்தத் தெரிந்தவர்களே இப்படிப் போயிருக்கிறார்கள்.

பாடம் 4: தண்ணீரும் பத்திரமாக இருக்க வேண்டும்

இது என் பாடம், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

குளோரின் நீரில் கலந்ததும் இரண்டு வடிவமாகப் பிரியும். ஹைபோகுளோரஸ் அமிலம் கிருமியை வேகமாகக் கொல்லும். ஹைபோகுளோரைட் அயனி சோம்பேறி. எது அதிகம் என்பதை பிஎச் தீர்மானிக்கிறது. பிஎச் 7.5-ல் பாதிக்குப் பாதி. 8.0-க்கு ஏறினால் வேலை செய்யும் வடிவம் சுமார் கால் பங்குதான். அதனால் "குளோரின் போட்டாச்சு" என்பது மட்டும் பதில் ஆகாது. பிஎச் 7.2 முதல் 7.8 வரை, குளோரின் 1 முதல் 3 பிபிஎம் வரை இருக்கட்டும். இரண்டு குழாய் உள்ள சோதனைப் பெட்டி கடையில் கிடைக்கும். ஒரு குழாயில் வரும் மஞ்சள் குளோரினைக் காட்டும், மற்றதில் வரும் சிவப்பு பிஎச்சைக் காட்டும்.

எவ்வளவு போடுவது? 8 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், சராசரி 1.2 மீட்டர் ஆழம் என்றால் 38.4 கனமீட்டர். 1 பிபிஎம் என்பது ஒரு கனமீட்டருக்கு 1 கிராம். ஆக 1 பிபிஎம் உயர்த்த 38.4 கிராம் குளோரின் தேவை. துகளில் 65 விழுக்காடுதான் குளோரின் என்றால் 38.4-ஐ 0.65-ஆல் வகுத்து, ஏறக்குறைய 59 கிராம். பார்த்தீர்களா, கைப்பிடிக் கணக்கு தேவையே இல்லை. நம் வெயில் குளோரினைச் சீக்கிரம் சிதைத்துவிடும், கனமழை அதை நீர்க்கச் செய்யும். அதனால் தினமும் சோதிக்க வேண்டும்.

"குளோரின் நாத்தம் அடிக்குது, நிறைய போட்டிருக்காங்க" என்பார்கள். உண்மை வேறு. வியர்வை, சிறுநீர் ஆகியவற்றோடு குளோரின் சேர்ந்து உண்டாகும் குளோரமின்தான் அந்த நாற்றம், கண் எரிச்சலும் அதனால்தான். இறங்குவதற்கு முன் ஒரு நிமிடம் குளிப்பதும், பிள்ளைகளைக் கழிவறைக்கு அழைத்துப் போவதும் இதைக் குறைக்கும். வயிற்றுப்போக்கு உள்ளவர் இறங்கவே கூடாது.

மருந்து கலக்குபவருக்கு மூன்று விதி. ஒன்று, மருந்தைத்தான் தண்ணீரில் போட வேண்டும், மருந்தின் மேல் தண்ணீர் ஊற்றக் கூடாது. இரண்டு, அமிலமும் குளோரினும் சேரக் கூடாது, சேர்ந்தால் நச்சுவாயு வரும். மூன்று, குளோரின் துகளையும் குளோரின் மாத்திரையையும் ஒரே வாளியில் கலக்கக் கூடாது. இரண்டும் குளோரின்தானே என்று நினைப்போம், ஆனால் கலந்தால் தீப்பிடிக்கலாம், வெடிக்கலாம். நான் வேலை பார்த்த அண்ணன் ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கரண்டி வைத்திருந்தார். "கரண்டி மாறுச்சுன்னா கை போயிடும் தம்பி" என்பார்.

கடைசியாக ஒரு கண் சோதனை: கரையில் நின்று பார்த்தால் அடியில் உள்ள வடிகால் தெளிவாகத் தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் யாரும் இறங்க வேண்டாம். கலங்கிய நீரில் ஒரு பிள்ளை அடியில் கிடந்தாலும் தெரியாது.

ஆள் இல்லாத வீட்டில் பம்ப் ஓடாமல், மருந்து போடாமல் கிடக்கும் குளம் கொசுவுக்குத் தொட்டில். முட்டையிலிருந்து ஏடிஸ் கொசு பறக்க ஒரு வாரம், பத்து நாள் போதும். பக்கத்து வீட்டுக்காரருக்கு டெங்கி வந்தால் அதில் நம் குளத்துக்கும் பங்கு உண்டு. நோய் பரப்பும் பூச்சிகளை ஒழிக்கும் 1975-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, கொசு வளரவிடுவது நம் நாட்டில் குற்றம்.

பாடம் 5: நடந்துவிட்டால்

நீந்தத் தெரியாதவர் பதற்றத்தில் குதித்தால் ஒரு உயிருக்குப் பதில் இரண்டு உயிர் போகும். வரிசையை மனப்பாடம் செய்யுங்கள்: கத்து, நீட்டு, எறி. கத்தி ஆள் கூப்பிடுங்கள். தரையில் படுத்துக்கொண்டு கம்பு, துடைப்பம், துண்டு எதையாவது நீட்டுங்கள். ஒரு சேலை 5 மீட்டருக்கு மேல் நீளம், சின்னக் குளத்தின் குறுக்கே எட்டும். மூடிய காலி தண்ணீர்ப் புட்டி, ஐஸ் பெட்டி எல்லாம் மிதக்கும், எறியுங்கள்.

வெளியே எடுத்தபின் மூச்சு இல்லை என்றால்:

1. ஒருவர் 999-ஐ அழைத்து, கைப்பேசியை ஒலிபெருக்கியில் வைக்கட்டும். வீட்டு முகவரி கதவில் எழுதி ஒட்டியிருக்க வேண்டும். வாடகை வீட்டின் முகவரி யாருக்கும் ஞாபகம் இருக்காது.
2. தலையைச் சற்றுச் சாய்த்து, மூக்கைப் பிடித்து, வாயோடு வாய் வைத்து முதலில் 5 முறை மூச்சு ஊதுங்கள். மூழ்கியவருக்குக் குறை ஆக்சிஜன்தான், அதனால் மூச்சு முதலில்.
3. பிறகு நெஞ்சின் நடுவில் 30 அழுத்தம், 2 மூச்சு. நிமிடத்துக்கு 100 முதல் 120 வேகம். பெரியவருக்கு 5 சென்டிமீட்டர் ஆழம், குழந்தைக்கு நெஞ்சுத் தடிமனில் மூன்றில் ஒரு பங்கு. உதவி வரும்வரை நிறுத்தாதீர்கள்.

தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவது, வயிற்றை அமுக்கி நீர் எடுப்பது என்று சில பெரியவர்கள் சொல்வார்கள். மரியாதையோடு தடுத்துவிடுங்கள். அதில் நேரம்தான் போகும், வாந்தி நுரையீரலுக்குள்ளும் போகலாம். ஆக்சிஜன் இல்லாமல் 4 முதல் 6 நிமிடத்தில் மூளை பாதிக்கத் தொடங்கிவிடும். பிழைத்து எழுந்தவரையும் மருத்துவமனைக்கு அழைத்துப் போக வேண்டும். மூச்சுத்திணறல் சில மணி நேரம் கழித்தும் வரலாம்.

எல்லாரும் என்றால் யார்?

தவழும் குழந்தை, வலிப்பு உள்ள தம்பி, ஈரத் தரையில் வழுக்கும் பாட்டி, நீச்சல் தெரியாததைச் சொல்லக் கூச்சப்படும் நம் நண்பன், மருந்து கலக்கும் தொழிலாளி, பக்கத்து வீட்டுக்காரர். குளத்தின் பாதுகாப்பை அளக்க வேண்டியது இவர்களை வைத்துத்தான், நன்றாக நீந்துகிறவரை வைத்து இல்லை. வலிப்பு உள்ளவர் இறங்கினால் விஷயம் தெரிந்த ஒருவர் கூடவே நீரில் இருக்கட்டும். நீச்சல் தெரியுமா என்பதைப் பதிவுப் பாரத்திலேயே கேட்டுவிடுங்கள். எல்லார் முன்னாலும் கேட்டால் யாரும் உண்மை சொல்ல மாட்டார்கள்.

குழுவாகக் கலந்துபேச

1. உங்கள் அடுத்த நிகழ்ச்சியில் குளக் காவலுக்கு யார் யார்? இப்போதே பெயர் எழுதுங்கள்.
2. முன்பணம் கட்டுமுன் வீட்டுக்காரரிடம் கேட்க வேண்டியவை எவை? வேலி, வடிகால் மூடி, ஆழம், பம்ப் சுவிட்ச், ஈஎல்சிபி ஆகியவற்றை வைத்து உங்கள் பட்டியலைத் தயார் செய்யுங்கள். மழுப்பலான பதில் வந்தால் வேறு வீடு பார்ப்பீர்களா?
3. உங்கள் கிளையில் சிபிஆர் பயின்றவர் எத்தனை பேர்? ஜூலை 25 உலக மூழ்கல் தடுப்பு நாள். அதற்குள் இன்னும் எத்தனை பேரைப் பயிற்றுவிக்க முடியும்?
4. 8 மீட்டர் × 4 மீட்டர் குளத்தின் சராசரி ஆழம் 1.5 மீட்டர் என்றால், 2 பிபிஎம் உயர்த்த 65 விழுக்காட்டுத் துகள் எவ்வளவு தேவை? (விடை: ஏறக்குறைய 148 கிராம்.)

மூன்றாவது கேள்விக்கு உங்கள் பதில் "யாரும் இல்லை" என்றால், அடுத்த கூட்டத்தின் முதல் தீர்மானம் அதுவாகவே இருக்கட்டும்.